நாற்றுகளுக்கு எத்தனை மணி நேர வெளிச்சம்?

வணக்கம் உறவுகளே. மாங்குளத்தில் மாரி மழை நாற்றுமேடையைக் கரைத்துவிடும் என்பதால் மிளகாய், தக்காளி நாற்றுகளை அறைக்குள், வெள்ளை எல்இடி குழல் விளக்கின் கீழ் வளர்க்கிறேன். முளைத்தவை மெலிந்து நெடுத்து நிற்கின்றன; பார்க்கவே மனம் பொறுக்கவில்லை.

இரவு பகலாக எரியவிட்டால் தக்காளி இலை மஞ்சளாகும், இருள் கட்டாயம் தேவை என்பது தெரியும். 14 மணி நேரமா, 16 மணி நேரமா என்பதே குழப்பம். நேரத்தைக் கூட்டுவதைவிட, ஓர் அடி உயரத்தில் தொங்கும் விளக்கைத் தாழ்த்துவதே நல்லது என்று நினைக்கிறேன். சரியா?

மார்கழியில் இங்கே பகல் ஏறத்தாழ 11½ மணி நேரம்தான். நடுகைக்கு முன் வெளிச்ச நேரத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டுமா? மின்சாரம் நின்றுபோன நேரத்தை இரவில் ஈடுசெய்யலாமா? வீட்டுக்குள் நாற்று வளர்த்த அண்ணாமார், அக்காமார் தயவுசெய்து சொல்லுங்கள்.