மோட்டோகிராஸ் போட்டி: 400 மீட்டர் வேலிக்கு அறிவிப்பு ஒலி

கேள்வி: மோட்டோகிராஸ் (மண் தடத்தில் ஓடும் பைக் பந்தயம்) பார்க்கும் கூட்டம் 400 மீட்டர் வேலியோரம் நிற்கும். மேடையின் இருபுறமும் பெரிய பாக்ஸ் (ஸ்பீக்கர் பெட்டி) வைத்தால் வேலியின் கடைசி வரை வர்ணனை கேட்குமா?

பதில் 1: கேட்காது. தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் போகும். 10 மீட்டரில் 110 டெசிபல் என்றால் 160 மீட்டரில் 86தான். பைக் கும்பல் ஒன்று கடந்தால் அதுவும் அமுங்கிவிடும். முன்வரிசையோ காதைப் பொத்திக்கொள்ளும். வேலியோரம் 25 மீட்டருக்கொரு ஹார்ன் (புனல் ஸ்பீக்கர்), 100 வோல்ட் லைனில் (நீண்ட ஒயரில் பல ஸ்பீக்கரை ஓட்டும் முறை) போடுங்கள். 17 ஹார்ன், தலா 30 வாட் டேப் (ஒரு ஹார்ன் லைனிலிருந்து எடுக்கும் அளவு), மொத்தம் 510 வாட். ஆம்ப்ளிஃபயர் 650 வாட்டுக்குக் குறைய வேண்டாம். ஹார்ன் 4 மீட்டர் உயரத்தில், டிராக்குக்கு முதுகு காட்டி, கூட்டத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கட்டும்.

பதில் 2: ஆம்ப்ளிஃபயரில் மாட்டுமுன் லைனை இம்பீடன்ஸ் (ஒலி சிக்னலுக்கு லைன் காட்டும் தடை) மீட்டரில் பாருங்கள்; சாதா மல்டிமீட்டர் டிசி தடையை மட்டுமே அளக்கும், ஏமாற்றும். 510 வாட்டுக்கு 20 ஓம் அளவில் வர வேண்டும். 6 ஓம் அளவில் காட்டினால் யாரோ ஒரு ஹார்னை டேப்பில் கட்டாமல் நேரடி 8 ஓம் முனையில் கட்டியிருக்கிறார்கள். நடக்காத தப்பில்லை.

பதில் 3: மேடை பாக்ஸும் ஓடினால், 50 மீட்டர் தள்ளியுள்ள ஹார்னுக்கு 146 மில்லிசெகண்ட் தாமதம் கொடுங்கள். இல்லையேல் ஒவ்வொரு பெயரும் இரண்டு தரம் கேட்கும். பேடாக்குக்கு (வீரர்களும் பைக்குகளும் காத்திருக்கும் இடம்) தனி சோன், அதாவது தனியாக அறிவிக்கக்கூடிய ஸ்பீக்கர் பகுதி. வீரர்களைக் கூப்பிடும்போது வர்ணனை குறுக்கே வரக்கூடாது.