சாம்பக்காய்க் கம்பு துளிர்க்கிறது, வேர் மட்டும் வரவில்லை

குலசேகரத்துக்காரன்:
அம்மா வீட்டு முற்றத்தில் பழைய சாம்பை மரம், வெள்ளைக் காய், நல்ல இனிப்பு. வீட்டை இடித்துக் கட்டப் போவதால் ரெண்டு மாசத்தில் மரத்தை முறித்துவிடுவார்கள். விதை போட்டால் அதே ருசி கிடைக்கும் என்று நம்ப முடியாது, அதனால் உரக்கடையில் வேர் ஊக்கிப் பொடி வாங்கி இருபது கம்பு நட்டேன். பத்து நாளில் துளிர்த்ததும் தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். மூணாவது வாரம் எல்லாம் வாடிப்போய், பிடுங்கிப் பார்த்தால் அடி கறுத்து அழுகியிருக்கிறது. பொடி போலியா?

தோவாளை பிச்சி:
துளிரைப் பார்த்து ஏமாறாதவர்கள் யார்! கம்பில் சேர்ந்திருக்கிற சத்திலேயே இலை வந்துவிடும், வேர் இல்லாவிட்டால் அது தீர்ந்ததும் கதை முடிந்தது. எந்த மண்ணில் நட்டீர்கள், கம்பு எவ்வளவு தடிமன்?

குலசேகரத்துக்காரன்:
வீட்டுச் செம்மண்ணும் சாணியும்தான். கம்பு பெருவிரல் தடிமன். பொடியை நன்றாக அப்பி மண்ணில் குத்தினேன்.

தோவாளை பிச்சி:
பொடி மேல் பழி போடாதீர்கள், சாணிதான் அழுக வைத்திருக்கும். ஆற்று மணலும் தென்னை நார்த்தூளும் சரிபாதி போதும். பென்சில் தடிமனில், ரொம்ப முற்றாத கம்பாக ஒரு சாண் நீளம் எடுத்து, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். மேலே ரெண்டு இலையைப் பாதியாக நறுக்கி விட்டால் போதும். பொடியில் தொட்டு, கூடுதலைத் தட்டிவிட்டு, குச்சியால் குழி போட்டு அப்புறம் வையுங்கள். நேராகக் குத்தினால் பொடியெல்லாம் மேலேயே உரசிப் போய்விடும்.

ரப்பர்தோட்டம்:
நான் பொடி வாங்குவதில்லை, ஐபிஏ (வேர் விட வைக்கும் மருந்து) வாங்கிக் கரைக்கிறேன். 100 மில்லிக்கு 200 மில்லிகிராம் போட்டால் 2000 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 2000 பங்கு. நேரே தண்ணீரில் கரையாது, கொஞ்சம் ஸ்பிரிட்டில் கரைத்துவிட்டு அப்புறம் தண்ணீர் சேர்க்க வேண்டும் (வீட்டில் மறைத்து வைத்திருக்கும் சரக்கை எடுக்க வேண்டாம் மக்கா). அஞ்சு நொடி முக்கினால் போதும். கூடினால் வேர் கூடாது, அடி கருகும்.

மார்த்தாண்டம் அண்ணாச்சி:
ரெண்டு மாசம்தானே இருக்கிறது, தம்பி, கம்பை நம்பி உட்காராதே. மரத்திலேயே பதியன் போடு, அதாவது கிளையை வெட்டாமலே அதில் வேர் வர வைத்து, அப்புறம் வெட்டி நடுவது. பென்சிலைவிடச் சற்றுத் தடித்த கிளையில் ஒரு அங்குலம் சுற்றிப் பட்டையை உரித்து, வழுவழுப்பைக் கத்தியால் சுரண்டிவிடு, அதை விட்டால் பட்டை திரும்ப மூடிக்கொள்ளும். மேல் விளிம்பில் உன் பொடியைத் தடவி, ஈர நார்த்தூள் வைத்துப் பாலிதீனால் இறுக்கிக் கட்டு. மழைக்காலமானால் ஆறேழு வாரத்தில் பாலிதீனுக்குள் வேர் தெரியும். பத்து கிளையிலாவது போடு. ஒண்ணு, நட்ட பிறகு முட்டுக் கொடுக்க மறக்காதே, பதியன் கன்றுக்கு ஆணிவேர் கிடையாது. 2017 ஒக்கிப் புயலில் என் பதியன் கொய்யா ரெண்டும் வேரோடு சாய்ந்துவிட்டன.

குலசேகரத்துக்காரன்:
சரி அண்ணாச்சி, நாளைக்கே ஏறுகிறேன். மேஸ்திரியிடம் தெற்குக் கிளையைக் கடைசியில் வெட்டச் சொல்லியிருக்கிறேன், பொடியும் பாதி டப்பா மிச்சம் இருக்கிறது.