அவோகாஷிமா: ஊர் திரும்பியது சரியா?

வடதிசை:
தோக்கியோவுக்குத் தெற்கே ஏறக்குறைய 360 கிலோமீட்டர் தொலைவில், 6 சதுர கிலோமீட்டர் கூட இல்லாத எரிமலைத் தீவான அவோகாஷிமாவில் இன்று 200 பேருக்கும் குறைவாகவே வாழ்கிறார்கள். 1785 எரிமலை வெடிப்பில் அங்கிருந்த முந்நூற்றுச் சொச்சம் பேரில் சுமார் 130 பேர் மாண்டார்கள். இன்னும் தெற்கே உள்ள தோரிஷிமா தீவில் 1902இல் எரிமலை வெடித்தபோது, குடியிருந்த 125 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. இவ்வளவு தெரிந்தும் எரிமலைக்குள் ஊரை வைத்திருப்பது வெறும் பிடிவாதம் என்பதே என் கருத்து.

கரைக்காற்று:
முதலில் ஒரு திருத்தம். வீடுகள் எரிமலையின் குழிக்குள் இல்லை. வெளிவிளிம்புக்கு அப்பால், வடக்குச் சரிவில் இருக்கின்றன. 1785இல் தப்பியவர்கள் வடக்கே உள்ள ஹச்சிஜோஜிமா தீவில் அடைக்கலம் புகுந்தார்கள். அங்கேயே பஞ்சம் தலைவிரித்தாடிய காலம் அது. ஊர் திரும்பப் புறப்பட்ட படகுகள் பல கடலில் தொலைந்தும், ஊர்த்தலைவர் சசாக்கி ஜிரோதயு காலத்தில் மக்கள் மீண்டும் குடியேறி, 1835இல் நில அளவையும் முடித்தார்கள். அரை நூற்றாண்டு அகதிகளாய்க் கிடந்தவர்கள் சொந்த மண்ணைத் தேடியதைப் பிடிவாதம் என்பது, மன்னிக்கவும், கரையில் நின்றுகொண்டு பேசும் பேச்சு.

வடதிசை:
திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் பக்கத்திலுள்ள ஹச்சிஜோகோஜிமா மக்கள், எரிமலை எதுவும் துரத்தாமலே, 1969இல் கூண்டோடு தீவை விட்டு வெளியேறினார்களே, அவர்களுக்கு மட்டும் மண்பற்று இல்லையா?

தீவுப்பித்தன்:
இருந்திருக்கும், ஆனால் அங்கே வாழ்க்கை வசதிகள் மிகக் குறைவு. அவோகாஷிமாவுக்கோ 1993 முதல் ஹெலிகாப்டர் போகிறது. பூமியிலிருந்து நீராவி சீறும் துளைகளை அவ்வூரார் ஹிங்யா என்பார்கள். அந்த ஆவியைத் தொட்டிக்குள் விட்டு முட்டையையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் வேகவைக்கிறார்கள். கடல்நீரைக் காய்ச்சி உப்பும் எடுக்கிறார்கள். பள்ளி உண்டு, ஆனால் உயர்நிலைப் பள்ளி இல்லாததால் பிள்ளைகள் பதினைந்து வயதில் தீவை விட்டுப் போகவேண்டியிருக்கிறது. எனக்கு அச்சம் தருவது எரிமலையைவிட இதுதான்.

வடதிசை:
கிழங்கு வேகட்டும், நண்பரே, வழியைச் சொல்லுங்கள். சன்போ துறைமுகம் தென்மேற்கில், செங்குத்தான பாறைகளின் அடியில் இருக்கிறது. பழைய பாதை மண்சரிவால் அடைபட்டதால், வடக்கிலிருந்து துறைமுகம் செல்பவர் குழிக்குள் இறங்கித்தான் மறுபக்கச் சுரங்கப்பாதைக்குள் நுழையவேண்டும். ஊர் குழிக்கு வெளியே இருக்கிறது, தப்பிக்கும் வழியோ குழிக்குள்ளே! 1785இலும் ஹச்சிஜோஜிமாவிலிருந்து வந்த படகுகளில் ஏற முடிந்தவர்கள்தாம் பிழைத்தார்கள்.

கரைக்காற்று:
ஹெலிகாப்டர் தளம் வடக்கில், வீடுகளுக்கு அருகில்தான் இருக்கிறது. 1986இல் இசு ஓஷிமா தீவின் எரிமலை வெடித்தபோது ஏறக்குறைய 10,000 பேரையும் ஓரிரவில் வெளியேற்றி, ஒரு மாதத்தில் ஊர் திரும்பச் செய்த நாடு அது.

வடதிசை:
ஓஷிமா மக்களைக் கொண்டுபோனவை கப்பல்கள். இங்கோ ஹெலிகாப்டரில் ஒன்பது இருக்கைகள். 170 பேர் என்றே வைத்துக்கொண்டாலும் பத்தொன்பது நடை. சாம்பல் பறக்கும் வானில் அது எத்தனை நடை போகும் என்று நீங்களே சொல்லுங்கள்.