ஜோனி மிட்செலின் ‘ப்ளூ’: வாழ்க்கைக் கதையைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது என்ன?

கேள்வி (பதிவர்: தனிச்சுருதி)

அனைவருக்கும் வணக்கம். கனடாவைச் சேர்ந்த பாடகியும் பாடலாசிரியருமான ஜோனி மிட்செலின் ‘ப்ளூ’ ஆல்பத்தைச் சில வாரங்களாகத் தொடர்ந்து கேட்டுவருகிறேன். 1971 ஜூன் மாதம் வெளிவந்த, பத்தே பாடல்கள் கொண்ட, சுமார் 36 நிமிடங்களில் முடிந்துவிடுகிற ஆல்பம் இது. அமெரிக்க இசை இதழான ரோலிங் ஸ்டோனின் 500 சிறந்த ஆல்பங்கள் பட்டியலில் 2003இல் 30ஆம் இடத்தில் இருந்தது, 2020இல் 3ஆம் இடத்துக்கு வந்துவிட்டது. வயது ஏற ஏற மதிப்பும் ஏறுகிறதென்றால் அதற்குக் காரணம் இருக்கவேண்டும். ஆனால் இதைப் பற்றி எழுதுபவர்களில் பலர் பாடகர்களான கிரகாம் நாஷுடனான அவருடைய பிரிவையும் ஜேம்ஸ் டெய்லருடனான காதலையும் பேசி, எந்தப் பாட்டு யாரைக் குறிக்கிறது என்று கண்டுபிடிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அந்த வம்பில் ஆர்வமில்லை. அந்தக் கதைகள் தெரியாதவர் கேட்டால் இதில் என்ன இருக்கிறது? உண்மையைச் சொன்னால், அந்த உச்சஸ்தாயிக் குரல் இன்னும் என் காதுக்குப் பழகவில்லை. நீண்ட காலமாகக் கேட்டுவருபவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1 (பதிவர்: பின்பாட்டு)

உங்கள் கேள்விக்கு விடை அந்த ஆல்பத்துக்குள்ளேயே இருக்கிறது. மூன்றாவது பாடலான ‘லிட்டில் கிரீன்’, 1965இல் தமக்குப் பிறந்து, வறுமையினால் தத்துக் கொடுத்துவிட்ட மகளைப் பற்றி அவர் எழுதியது. இது இன்று எல்லோரும் அறிந்த செய்தி. ஆனால் 1990களில்தான் அது வெளியுலகுக்குத் தெரியவந்தது. தாயும் மகளும் மீண்டும் சந்தித்தது 1997இல். ஆல்பம் வெளிவந்தபோது வந்த ஒரு விமர்சனம், இந்தப் பாட்டின் குறிப்புகள் யாருக்கும் புரியாதபடி மூடி வைக்கப்பட்டிருக்கின்றன என்று குறைப்பட்டுக்கொண்டது. அப்படியிருந்தும் இருபது ஆண்டுகளுக்கு மேல், பாட்டில் வரும் குழந்தை யார் என்றே அறியாமல், எத்தனையோ பேர் அதைத் தங்கள் பாட்டாக வைத்துக்கொண்டிருந்தார்கள். பெயர் வைப்பதும், பத்திரங்களில் கையெழுத்திடுவதும், பிறந்தநாள் வாழ்த்தும் அந்த வரிகளிலேயே இருக்கின்றன. கிட்டார் ஒன்றைத் தவிர வேறு வாத்தியமும் இல்லை. கதை பின்னால் வந்து சேர்ந்தது, பிரியம் அதற்கு முன்பே வந்துவிட்டது.

பதில் 2 (பதிவர்: நரம்பிசை)

நான் வாத்தியங்களின் பக்கமிருந்து சொல்கிறேன். பத்துப் பாடல்களில் நான்கு பியானோவிலும், நான்கு அப்பலேச்சியன் டல்சிமரிலும், இரண்டு கிட்டாரிலும் அமைந்தவை. டிரம்ஸ் மூன்றே பாடல்களில்தான் வருகிறது, அதுவும் ரஸ் கங்கலின் அடக்கமான வாசிப்பில். டல்சிமர் என்பது மடியில் கிடத்தி வாசிக்கிற சிறிய நரம்பு வாத்தியம். மெட்டு ஒரு தந்தியில் ஓட, மற்றவை தம்பூராவைப் போலச் சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். மிட்செல் அதை மீட்டுவதோடு நில்லாமல் தந்திகளின் மேல் விரல்களால் தட்டித் தாளத்தையும் அதிலேயே எழுப்புகிறார். முதல் பாடலான ‘ஆல் ஐ வான்ட்’டின் தொடக்கத்தை இயர்போனில் கேளுங்கள், சில நொடிகள் குரலே இல்லாமல் அந்தத் தட்டல் ஒலிக்கும்.

கிட்டாரிலும் அவர் வழக்கமான சுருதியைப் பெரும்பாலும் கைவிட்டவர். ஒன்பது வயதில் வந்த போலியோவினால் இடக்கை வலுவிழந்திருந்ததால், தந்திகளையே வேறு சுருதிகளுக்கு மாற்றி வைத்து, எளிய விரலமைப்பில் தமக்கு வேண்டிய ஒலியை வரவழைத்துக்கொண்டார். அந்தச் சுருதிகளில் எழும் கார்டுகள் (ஒருசேர ஒலிக்கும் சுரங்கள்) பல நேரங்களில் மகிழ்ச்சி என்றோ துயரம் என்றோ முடிவு கட்டாமல் இடையில் நிற்பதனால்தான் நூறாவது முறை கேட்கும்போதும் இந்தப் பாடல்கள் தீர்ந்துபோவதில்லை என்பது என் கருத்து. குரலைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கமாட்டேன். ஆனால் துணைக்கு ஏறக்குறைய எதுவுமே இல்லாத இடத்தில் அந்த உயரத்தில் பாடுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

பதில் 3 (பதிவர்: மார்கழிப்பனி)

முதல் பதிலோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. கதையைக் கழித்துவிடலாம், அவருடைய வயதைக் கழிக்க முடியாது. இதைப் பாடியபோது அவருக்கு 27 வயது. இந்த ஆல்பத்தின் ‘எ கேஸ் ஆஃப் யூ’ பாடலை 2000இல் பெரிய இசைக்குழுவோடு மறுபடியும் பதிவு செய்தபோது, குரல் வெகுவாகக் கீழிறங்கி, கரகரத்து, வேறொருவர் பாடுவதைப் போலவே இருந்தது. 2015இல் மூளையில் ஏற்பட்ட இரத்தக்குழாய் வீக்கத்தால் பேச்சையும் நடையையும் இழந்து, மெல்ல மீண்டு, 2022 ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் நாற்காலியில் அமர்ந்தபடி பாடகி பிராண்டி கார்லைல் முதலியோரோடு அதே பாட்டை மீண்டும் பாடினார். மூன்று பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால், உங்கள் காதுக்குப் பழகாத அந்த உச்சஸ்தாயி, பின்னாளில் அவராலேயே தொடமுடியாமல் போன இடம் என்பது விளங்கும். வம்புப் பேச்சை நானும் விரும்புவதில்லை. ஆனால் பாடுபவரோடு சேர்ந்து கேட்பவரும் மூப்படைவதை இசைக்கு வெளியே இருக்கும் செய்தியென்று ஒதுக்கிவிட முடியுமா?

‘ரிவர்’ பாடலையும் சொல்லவேண்டும். ‘ஜிங்கிள் பெல்ஸ்’ மெட்டைப் பியானோவில் தொடங்கி, உடனே அதைத் துயரத்தின் பக்கம் திருப்பிவிடுகிறார். கிறிஸ்துமஸ் நெருங்குகிறது, கலிஃபோர்னியாவிலோ பனி பெய்வதில்லை. உறைந்த ஆறொன்று கிடைத்தால் சறுக்கிக்கொண்டே போய்விடலாமே என்று கனடாவில் வளர்ந்த பெண் ஏங்குகிறாள். ஆல்பத்திலிருந்து தனியே ‘சிங்கிளாக’ வெளியிடப்படாத இதை, கொண்டாட்டத்தில் ஒட்டமுடியாதவர்கள் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். இன்று எண்ணற்ற கலைஞர்களின் கிறிஸ்துமஸ் தொகுப்புகளில் இது இடம்பெறுகிறது.

தனிச்சுருதி

மூவருக்கும் நன்றி. ‘எ கேஸ் ஆஃப் யூ’வின் மூன்று பதிவுகளையும் வரிசையாகக் கேட்டுப் பார்க்கிறேன். நரம்பிசை ஐயாவிடம் ஒரு சிறு கேள்வி: ‘திஸ் ஃபிளைட் டுநைட்’ பாடலின் நடுவே ஓரிடத்தில் ஒலி சுருங்கி, பழைய வானொலியில் கேட்பதுபோல் ஆகிவிடுகிறதே, அது நான் கேட்கும் கோப்பில் உள்ள கோளாறா?

நரம்பிசை

கோளாறில்லை, வேண்டுமென்றே செய்தது. விமானத்தில் இருப்பவள் ஹெட்போனில் ஒரு பாட்டுக் கேட்கிறாள். அந்த வரிகளை மட்டும் ஹெட்போனிலிருந்து கசியும் ஒலியாக மாற்றியிருக்கிறார்கள். பின்னணியில் இழையும் பெடல் ஸ்டீல் கிட்டாரையும் (மிதிகளால் சுருதியை மாற்றி வாசிக்கும் கிட்டார் வகை) கவனியுங்கள், அது ஸ்னீக்கி பீட் கிளைனோ வாசித்தது. நேரமிருந்தால் 1973இல் ஸ்காட்லாந்தின் நாசரெத் குழு இதே பாட்டை முழு ஹார்ட் ராக்காக மாற்றிப் பாடியதையும் தேடிக் கேளுங்கள். உச்சஸ்தாயி பிடிக்காதவர்களுக்கு அதுவும் ஒரு நல்ல வாசல்.