வீல் அலைன்மென்ட் செய்தாப் பிறகு ஸ்ரியரிங் சரிஞ்சு நிண்டால்... உங்கட அனுபவங்களையும் சொல்லுங்கோ

என்ர விற்ஸ் காருக்கு முன் ரயர் ரெண்டும் புதுசாப் போட்டு, அந்தக் கையோட சில்லுகள் நிக்கிற கோணத்தைச் சரிபார்க்கிற அலைன்மென்டும் செய்விச்சனான். கண்டி வீதியில ஏறின உடனேயே தெரிஞ்சிட்டுது. கார் நேராத்தான் போகுது, ஸ்ரியரிங் மட்டும் இடப்பக்கம் சரிஞ்சு நிக்குது. திரும்பிப் போய்க் கேட்டால், "மெஷின்ல எல்லாம் பச்சை, ஓட ஓடச் சரிவரும்" எண்டினம். ஓட ஓட அது ஒருநாளும் சரிவராது. நான் விடாமல் நிக்க, "அப்ப ஸ்ரியரிங்கைக் கழட்டி நேராப் போட்டுத் தாறம்" எண்டினம். சாவியை வாங்கிக்கொண்டு வெளிக்கிட்டிட்டன்.

தயவுசெய்து ஒருத்தரையும் ஸ்ரியரிங்கைக் கழட்ட விடாதேங்கோ. அதுக்குள்ள எயார்பாக் இருக்கு, அதுக்குப் போற சுருள் கேபிள் இருக்கு. கழட்டிப் போட்டால் பார்வைக்கு நேராகும், ஆனால் கீழ சில்லுகளைத் திருப்புற றக் நடுவில இராது. ஒரு பக்கம் கூடவும் மற்றப் பக்கம் குறையவும் வெட்டும், சிக்னல் தானா நிக்கிறதும் பிழைக்கும்.

பிறகு கோண்டாவிலில எங்கட வீட்டு வாகனங்கள் திருத்துற மெக்கானிக் பாஸிட்டைக் கொண்டு போனன். அவர் உடன ஸ்பானரை எடுக்கேல்லை. முதல் ரயரில காத்து எவ்வளவு எண்டு பார்த்தார். ஜாக்கியில தூக்கி, சில்லின்ர ரெண்டு பக்கத்தையும் பிடிச்சு ஆட்டி, றக்கையும் சில்லையும் இணைக்கிற ரை ரொட் கம்பியின்ர நுனியில லூஸ் இருக்கோ எண்டு பார்த்தார். லூஸ் இருந்தால் அலைன்மென்ட் செய்தும் பிரயோசனமில்லையாம். அதுக்குப் பிறகு தானே ஓட்டிக்கொண்டு போய், மட்டமான இடத்தில நேரா உருளவிட்டு நிப்பாட்டி, ஸ்ரியரிங்கின்ர மேல்நடுவில சோக்கால ஒரு கோடு போட்டார். எவ்வளவு சரிவு எண்டு அதில தெரியும்.

சில்லு முன்பக்கமா உள்ளுக்கோ வெளியிலயோ திரும்பி நிக்கிற அளவைத்தான் ரோ எண்டுறது. ரெண்டு முன்சில்லுக்கும் இடையில உள்ள மொத்த ரோ சரியா இருந்தால் கார் நேராப் போகும், ரயரும் அநியாயமாத் தேயாது. ஆனால் அந்த அளவு இடம் வலம் எண்டு சமமாப் பிரியாட்டில் ஸ்ரியரிங் சரியும். அலைன்மென்ட் செய்யேக்க ஸ்ரியரிங் அசையாமல் பிடிக்கிற பூட்டுக் கம்பியைப் போடுறபோது ஸ்ரியரிங் நடுவில இல்லாட்டில், மெஷின் பச்சை காட்டினாலும் இதுதான் நடக்கும். விற்ஸில ரை ரொட் அச்சுக்குப் பின்னால இருக்கு. ஸ்ரியரிங் இடப்பக்கம் சரிஞ்சால் இடப்பக்க ரை ரொட்டைக் கட்டையாக்கி, வலப்பக்கத்தை அதே அளவுக்கு நீட்ட வேணும். அப்ப மொத்த ரோ மாறாது.

எங்கட உப்புக்காத்துக்கு ரை ரொட்டை இறுக்கிப் பிடிக்கிற லொக் நட் துருப்பிடிச்சு அசையேல்லை. எண்ணெய் அடிச்சு ஊறவிட்டுத்தான் இளகினது. ரொட்டைத் திருப்ப முதல் றக்கை மூடியிருக்கிற ரப்பர் உறையின்ர கிளிப்பைக் கழட்டிவிட்டார். இல்லாட்டில் ரப்பர் முறுகிக் கிழிஞ்சு, மண் உள்ள போய் றக்கே பழுதாகுமாம். முதல் ரெண்டு பக்கமும் ஒரு சுற்று, ஓடிப் பார்த்தாப் பிறகு இன்னும் கொஞ்சம். கோடு நடுவுக்கு வந்திட்டுது. அதோட விடாமல், "மெஷின்ல ரோவை ஒருக்காப் பார்த்திட்டுத்தான் தூரம் ஓடவேணும்" எண்டு சொல்லி அனுப்பினார். அந்த மனுசனில எனக்குப் பெரிய மரியாதை.

வேலணையிலிருந்து:
அண்ணை, எனக்கு வந்தது வேற. கையை விட்டால் கார் இடப்பக்கம் இழுத்தது. அலைன்மென்ட்தான் பிழையெண்டு எல்லாரும் சொல்லிச்சினம். முன் ரயர் ரெண்டையும் இடம் வலம் மாத்திப் போட, இழுவை வலப்பக்கம் போயிட்டுது. அப்ப ரயர்தான் காரணம். இன்னொண்டு, நாங்கள் இடப்பக்கம் ஓடுறம், றோட்டு ஓரத்துக்குச் சரிவாத்தான் போட்டிருக்கு. கொஞ்சம் இடப்பக்கம் போறதெண்டால் அது றோட்டின்ர சரிவு. மட்டமான இடத்தில பார்த்திட்டு முடிவெடுங்கோ.

சுன்னாகத்திலிருந்து:
என்ர அக்சியோ காரை எனக்கு முதல் வைச்சிருந்த ஆக்கள் ஸ்ரியரிங்கைக் கழட்டி மாத்திப் போட்டிருக்கினம். வாங்கின நாளிலயிருந்து டாஷ்போர்டில கார் வழுக்கினால் எரியிற லைட் எரிஞ்சுகொண்டே இருந்தது. ஸ்ரியரிங் கோணம் பார்க்கிற சென்சர் நேராப் போகேக்கையும் திரும்புறதாத்தான் நினைச்சுக்கொண்டு இருந்திருக்கு. ஸ்ரியரிங்கைப் பழைய இடத்தில போட்டு, ரை ரொட்டில நேராக்கி, ஸ்கானர் போட்டு நடுப்புள்ளியைத் திரும்பப் பதிஞ்சாப் பிறகுதான் லைட் அணைஞ்சது. அண்ணை சாவியை வாங்கிக்கொண்டு வந்தது நல்ல வேலை.

கொடிகாமத்திலிருந்து:
எல்லாரும் முன்பக்கத்தையே பார்க்கிறியள். என்ர கார் றோட்டில ஒரு பெரிய கிடங்கில விழுந்ததில பின் அச்சு கொஞ்சம் திரும்பிட்டுது. பின்சில்லு ஒரு பக்கம் தள்ள, நேரா ஓட்டுறதுக்கு ஸ்ரியரிங்கைச் சரிச்சுப் பிடிக்க வேண்டியிருந்தது. முன்னுக்கு எத்தினை தரம் திருப்பியும் சரிவரேல்லை. அலைன்மென்ட் தாளை வாங்கி, பின்சில்லு ரெண்டின்ரயும் ரோ ஒரே அளவோ எண்டு பாருங்கோ. அதில பெரிய வித்தியாசம் இருந்தால், ரை ரொட்டில கை வைக்க முதல் பின் அச்சைப் பார்க்கச் சொல்லுங்கோ.