நெடுநாள் நின்ற பைக்கை மீண்டும் சாலைக்குக் கொண்டுவந்தவர்கள்: மதுரைப் பக்கத்து அனுபவங்கள்

வாடிப்பட்டியிலிருந்து

என் தாய்மாமாவின் யெஸ்டி 250 எங்கள் தோட்டத்துப் பம்புசெட் அறையில் பல ஆண்டுகள் நின்றிருந்தது. முழங்கால் வலி வந்தபின் அவரால் அதை உதைத்துக் கிளப்ப முடியவில்லை. வண்டியின் மேல் சாக்கைப் போர்த்தினார்கள். சாக்கின் மேல் கோழிகள் அடைந்தன. எச்சம் விழுந்த இடங்களில் டேங்கின் பெயிண்ட் உரிந்து தகரம் தெரியத் தொடங்கியது. அதை ஓட வைக்க முனைந்தபோது நான் கற்றுக்கொண்டவற்றுள் முதலிடம் தரத்தக்கது இதுதான்: வண்டி நின்ற காலம் செய்யும் சேதத்தைவிட, ஆசையோடு உதைக்கும் முதல் உதை செய்யும் சேதம் பெரிது.

சமயநல்லூரில் ஜாவா, யெஸ்டி வண்டிகளிலேயே தலை நரைத்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வண்டியைப் பார்க்க வந்தவர், என் மச்சான் கிக்கரில் காலை வைத்ததும், "தம்பி, இன்னிக்கு யாரும் அதைத் தொடக் கூடாது" என்று தடுத்துவிட்டு, காரணத்தையும் பொறுமையாக விளக்கினார். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் சிலிண்டர் சுவரிலேயே துவாரங்கள் இருப்பதால், பிஸ்டன் நின்ற இடத்தைப் பொறுத்து சைலன்சர் வழியாக ஈரக்காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் நின்ற இடத்திலேயே துருவால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய ரிங்கை உதைத்துப் பெயர்த்தால் அது உடையும், உடைந்த துண்டு துவாரத்தின் விளிம்பில் மாட்டும், பிறகு லேத் பட்டறையில் போர் போட்டு, அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் தேட வேண்டியதுதான். யெஸ்டியைத் தயாரித்த, மைசூரில் இருந்த ஐடியல் ஜாவா ஆலை 1996இல் மூடப்பட்டுவிட்டது என்பதால், அந்தப் பிஸ்டனைத் தேடுவதும் எளிதன்று.

அவர் பிளக்கைக் கழற்றி, டீசலும் இன்ஜின் ஆயிலும் சமமாகக் கலந்ததைத் துளை வழியாக ஊற்றி, துணியால் அடைத்துவிட்டுப் போய்விட்டார். சில நாள் ஊறியபின் வண்டியை டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்தோம். முதலில் நூலளவு, பிறகு விரலளவு என்று அசைந்து, இறுதியில் பிஸ்டன் முழுச் சுற்றுக்கு வந்தது. இதற்கிடையில் சைலன்சர்களைக் கழற்றிப் பார்த்தோம். யெஸ்டிக்கு ஒரே சிலிண்டர்தான் என்றாலும் சைலன்சர் இரண்டு; அவற்றில் ஒன்றின் வால் முழுவதும் குளவி கட்டிய மண். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் அணில் கொண்டுவந்து சேர்த்த தேங்காய் நார். நம் பக்கத்தில் நின்ற எந்த வண்டியாக இருந்தாலும் இந்த இரண்டையும் முதலில் பார்த்துவிட வேண்டும் என்பேன்.

கிராங்க் சீல்களைப் பற்றிப் பலரும் எழுதுவதில்லை. டூ ஸ்ட்ரோக் வண்டியில், பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் தண்டு சுழலும் கிராங்க் அறை காற்றுப் புகாமல் இருந்தால்தான் இன்ஜின் வேலை செய்யும்; தண்டின் இரு பக்கமும் அதை அடைப்பவை இந்த சீல்கள். நெடுநாள் நின்றால் அந்த ரப்பர் சீல்கள் இறுகி வெடித்துவிடுகின்றன. கிளட்ச் பக்கத்து சீல் போயிருந்தால் கியர் பாக்ஸ் ஆயிலை இன்ஜின் உறிஞ்சி அடர்ந்த வெண்புகையாகத் தள்ளும். டைனமோ பக்கத்து சீல் போயிருந்தால் வெறுங்காற்று உள்ளே புகுந்து, பெட்ரோல் குறைந்த கலவை எரிந்து, இன்ஜின் சூடேறி ஜாம் ஆகும். முன்னதைப் புகை காட்டிக்கொடுத்துவிடும். பின்னது ஓசையில்லாமல் கெடுக்கும் என்பதால் அதற்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். இந்த சீல்களுக்கு வண்டியின் பெயரைச் சொல்லி அலைய வேண்டியதில்லை. உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் வெர்னியரால் அளந்து சென்றால், பேரிங் விற்கும் கடையில் அளவைச் சொல்லியே வாங்கலாம்.

பிளக்கில் மின்பொறி வரச் செய்யும் பாயிண்ட்டை நுண்ணிய எமரித்தாளால் தேய்த்து, இடைவெளியை 0.4 மில்லிமீட்டர் அளவில் வைத்து, புதுப் பிளக் போட்டு, லிட்டருக்கு 40 மில்லி டூ டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்) கலந்த பெட்ரோலை ஊற்றிய பிறகே கிக்கரைத் தொட அனுமதி கிடைத்தது. வண்டி கிளம்பியதும் தோட்டமே புகையில் மறைந்தது. சிலிண்டரில் ஊற்றிய எண்ணெய் எரிந்து தீரும் புகை அது. சில நிமிடங்களில் மெலிந்துவிட்டது. மெலியாமல் தொடர்ந்திருந்தால் சீலைச் சந்தேகித்திருப்போம்.

திருநகரிலிருந்து

மேலே எழுதியவரின் பொறுமையை மதிக்கிறேன். ஆனால் வரிசையில் எனக்கு மாற்றுக்கருத்து உண்டு. ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தை எடுக்க வேண்டும். என் தந்தையார் வாங்கிய ஹீரோ ஹோண்டா சிடி 100இல் இன்ஜின் வேலை எளிதாகவே முடிந்தது. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்; பிஸ்டன் ஒட்டவில்லை. கார்பரேட்டரைக் கழுவி, ஆயிலை மாற்றி, பேட்டரி போட்டதும் ஓடியது. சாலையில் இறக்கத்தான் மாதக்கணக்கில் காத்திருந்தேன்.

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் படிவம் 25இல் விண்ணப்பித்து, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 1,000 ரூபாய். 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி 20 ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு 2,000 ரூபாய். தாமதத்துக்கு மாதந்தோறும் கூடுதல் கட்டணம் தனியாக ஏறிக்கொண்டே போகும் என்பதையும், பசுமை வரி உண்டு என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். உரிமையாளர் காலமாகியிருந்தால் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31இல் பெயர் மாற்றமும் செய்ய வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்துச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் மற்றவை நகரும்.

என் வழக்கில் மேலும் ஒரு முடிச்சு இருந்தது. தந்தையார் கடனில் வாங்கிய வண்டி அது. கடனைக் கட்டி முடித்தும், ஆர்.சி. புத்தகத்தில் கடன் பதிவை நீக்காமல் விட்டிருந்தார். கடன் தந்த நிறுவனம் பழைய முகவரியில் இல்லை. அதன் பொறுப்பை ஏற்றவர்கள் வேறோர் ஊரில் இருந்தார்கள். அவர்களைக் கண்டுபிடித்து, படிவம் 35இல் கையொப்பமும் தடையின்மைக் கடிதமும் வாங்கினேன். பரணில் கிடந்த கடைசித் தவணை ரசீது இல்லையென்றால் அதுவும் நடந்திருக்காது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் வீட்டுத் தகரப் பெட்டியை ஒருமுறை கிளறிப் பாருங்கள்.

ஆய்வுக்கு வண்டியை நேரில் காட்ட வேண்டும். பதிவு காலாவதியான வண்டியையோ சாலையில் ஓட்டிச் செல்லக் கூடாது. ஆகவே குட்டி யானையில் ஏற்றிச் சென்றோம். ஆய்வாளர் முதலில் பார்ப்பது சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும்தான். துரு மூடியிருந்தால் மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு மட்டும் சுத்தம் செய்யுங்கள். கிரைண்டர் வைத்துத் தேய்த்த எண்ணும், பெயிண்டுக்குள் மூழ்கிய எண்ணும் சந்தேகத்தைக் கிளப்பும். பிறகு நல்ல வண்டிக்கும் நாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

மேலூரிலிருந்து

என்னுடையது யமஹா ஆர்.எக்ஸ். 100. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1985 முதல் 1996 வரை தயாரித்த 98 சிசி வண்டி. இதன் விலை இப்போது ஏறிக் கிடப்பதால், மூலையில் நின்ற வண்டிகளையெல்லாம் எல்லோரும் தூசி தட்டுகிறார்கள். நான் டேங்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பழைய பெட்ரோல் காற்றுப் பட்டுப் பட்டு வார்னிஷ் வாடையோடு பிசினாக மாறியிருக்கும். அதைத் தரையில் கொட்டாமல், குறிப்பாகக் கிணற்றடியில் கொட்டாமல், கேனில் பிடியுங்கள். உட்புறத் துருவுக்குப் பட்டறைகளில் நட்டு போல்ட்டுகளைப் போட்டுக் குலுக்குவார்கள். மூலைகளில் அது எட்டாது. நான் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) வெந்நீரில் கரைத்து, டேங்க் நிறைய ஊற்றி, ஓர் இரவு வைத்தேன். மறுநாள் கறுப்புத் தண்ணீராக வந்தது. பிறகு சமையல் சோடா கரைத்த நீரால் அமிலத்தை முறித்து அலசினேன். எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு நீர் என்பதால், கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீரைப் பயன்படுத்தினேன். அலசிய டேங்க் ஈரமாக இருந்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செந்துரு பூக்கும். சித்திரை வெயிலில் மூடியைத் திறந்து வைத்துக் காயவைத்து, சூடு ஆறியதும் டூ டி ஆயிலை ஊற்றி உட்புறம் முழுவதும் படும்படி உருட்டிவிட்டேன். ஆலயத்து வெண்கலக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கியது போல் பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசை தேவையில்லை. உதிரும் துரு போனால் போதும்.

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். அங்கிருந்துதான் துரு மறுபடி தொடங்கும். அந்தக் காலத்து ரப்பர் குழாய்களும் வாஷர்களும் இந்த எரிபொருளுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோல் குழாய், பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கின் வாஷர், கார்பரேட்டர் ஓ ரிங் அனைத்தையும் ஒரே தடவையில் மாற்றிவிட்டேன். வண்டியைச் சில வாரம் எடுக்கப் போவதில்லை என்றால் பெட்ரோல் காக்கினை மூடி, கார்பரேட்டர் கிண்ணத்தில் இருப்பதையும் வடித்துவிடுகிறேன்.

ஆர்.எக்ஸ். வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். இதில் டூ டி ஆயிலுக்குத் தனி டேங்கும் பம்பும் உண்டு. நெடுநாள் நின்ற வண்டியில் அந்தப் பம்புக் குழாயில் காற்று அடைத்திருக்கும். காற்றை எடுத்து, ஆயில் உண்மையாகவே இன்ஜினுக்குப் போகிறதென்று கண்ணால் பார்க்கும்வரை, பெட்ரோலிலும் ஆயிலைக் கலந்தே ஓட்டுங்கள். கொஞ்சம் புகை வந்தால் வரட்டும்.

உசிலம்பட்டியிலிருந்து

எல்லோரும் கிளப்புவதைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் வீட்டுப் புல்லட்டை ஒரு பட்டறையில் விட்டிருந்தோம்; இன்ஜினைக் கிளப்பிவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் அங்கிருந்த பையன் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கக் கிளம்பினான். பின் பிரேக்கில் ஷூக்களை விரிக்கும் கேம் துருப்பிடித்து இறுகியிருந்தது. மிதித்த பிரேக் மிதித்தபடியே நின்றுவிட்டது. மெதுவாகப் போனதால் சாணிக் குப்பையில் சாய்ந்ததோடு தப்பினான்.

ஆகவே இரு சக்கரங்களையும் கழற்றி, பிரேக் கேமை உருவி, துருவை நீக்கி, கிரீஸ் வைத்துப் போடுங்கள். டிரம்மைத் திறக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். பட்டறைகளில் அந்தத் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதுவார்கள். அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள்.

டயரில் பூ நன்றாக இருக்கிறதென்று ஏமாற வேண்டாம். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முந்திய டயர். சுவரில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் டியூபோடு சேர்த்து மாற்றிவிடுவதே சரி. கிளட்ச், ஆக்சிலேட்டர் கேபிள்களையும் அப்படியே. ஆக்சிலேட்டர் கேபிள் உள்ளே துருவேறி, முறுக்கிய நிலையிலேயே நின்றுவிட்டால், பிரேக் நன்றாக இருந்தும் பயனில்லை.

வாடிப்பட்டியிலிருந்து, மீண்டும்

திருநகர் அன்பர் சொன்ன வரிசையை ஏற்கிறேன். எங்கள் மாமா புதுப்பிப்பைத் தவறாமல் செய்துவந்ததால் எனக்கு அந்தத் தொல்லை வரவில்லை. காப்பீடும் புகைச் சான்றிதழும் மட்டும் எடுக்க வேண்டியிருந்தது.

முதல் ஓட்டத்துக்கு நான்குவழிச் சாலையைத் தவிர்த்துச் சோழவந்தான் சாலையை எடுத்துக்கொண்டேன். சில கிலோமீட்டர் சீராக ஓட்டி, இன்ஜினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பீங்கான் முனை இளம்பழுப்பாக இருந்தால் கலவை சரி. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் எங்கோ காற்று புகுகிறது. எனக்கு வெளுத்திருந்தது. திரும்பி வந்து, இன்ஜின் ஓடும்போதே கார்பரேட்டர் இணைப்பைச் சுற்றிச் சிறிது எண்ணெய் தடவியதும் இன்ஜினின் ஓசை மாறியது. கிராங்க் சீல்கள் புதியவை. காற்று புகுந்தது கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள கேஸ்கெட்டில்தான். அதை மாற்றியபின் முனை பழுப்புக்கு வந்துவிட்டது.

இன்னும் ஒரு குறை மிச்சம் இருக்கிறது. இந்த வண்டி 6 வோல்ட். ஹெட்லைட் பல்பு நகரத்துக் கடைகளில் கேட்டவுடன் கிடைப்பதாக இல்லை. 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடச் சொல்கிறார்கள், எனக்கு மனமில்லை. மதுரைக்குள் 6 வோல்ட் பல்பும் பேட்டரியும் வைத்திருக்கும் கடை தெரிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும். அதுவரை பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிக்கொண்டிருக்கிறேன்.