புதுப்பிப்பு: பொலேரோ பிக்கப்பில் வின்ச் மவுன்ட், தகடு வளைந்த பிரச்சினை தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. வின்ச்சைத் (சிக்கிய வண்டியை வடத்தால் இழுக்கும் மின்மோட்டார் உருளை) தாங்க 6 மி.மீ. தகட்டை பம்பர் பிராக்கெட்டில் மாட்டி, முதல் இழுப்பிலேயே அது வளைந்துபோனது பற்றி இங்கே கேட்டிருந்தேன்.

பலன் தந்தது, "பம்பரை நம்பாதே, இரண்டு சேசிஸ் கட்டைகளிலும் (வண்டியின் அடியில் நீளவாக்கில் ஓடும் இரும்புச் சட்டங்கள்) பிடி" என்ற யோசனைதான். 10 மி.மீ. தகடு, இருபுறமும் எல்-ஆங்கிள், 8.8 கிரேடு (உறுதித் தரம்) எம்12 (12 மி.மீ. தடிமன்) போல்ட்டுகள். வின்ச்சை மாட்டும் துளைகளின் இடைவெளி வழக்கமான 254 × 114 மி.மீ. தான். சேற்றில் புதைந்த வண்டியை இருமுறை இழுத்தாயிற்று, தகடு அசையவில்லை.

எதிர்பாராதது: வின்ச்சின் கிளட்ச் லீவர் (வடத்தைக் கையால் இழுக்க உருளையை விடுவிக்கும் பிடி) வண்டியின் கிரில்லில் இடித்தது. கிரில்லை வெட்டவிருந்தேன், நல்லவேளை! வின்ச்சின் கியர் ஹவுசிங் (கியர்களை மூடிய கூடு) போல்ட்டுகளைக் கழற்றி, அந்தக் கூட்டை மட்டும் சுழற்றி மாட்டினால் லீவர் மேலே வந்துவிடுகிறது. அப்புறம், இழுக்கும்போது இன்ஜின் ஓடட்டும். பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது.